கை வைக்காத பக்கம்

எழில்மொழிக்குக் கார் ஓட்டுவதைவிட என்ஜினோடு பேசுவதில்தான் பிரியம். ஒரகடத்துப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் அவளுக்கு வேலை. என்ன வேலை என்று அம்மா குப்பம்மா கேட்டபோது, "என்ஜினுக்குப் புத்தி சொல்ற வேலைம்மா" என்றாள். பொய்யில்லை. இந்தக் காலத்துக் காருக்குள் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி வைப்பது, டர்போ எவ்வளவு காற்றை உள்ளே அடைப்பது என்று என்ஜினுக்கு அதுதான் கட்டளை போடுகிறது. கட்டளையெல்லாம் பக்கம் பக்கமாக எண்கள். 'மேப்' என்பார்கள். அந்த எண்களை எழுதித் திருத்திச் சரிபார்க்கிற குழுவில் எழில்மொழி ஒருத்தி.

வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வேலை நிரந்தரமானதும் அம்மாவையும் தம்பி பாரியையும் அழைத்துக்கொண்டு விம்கோ நகருக்குக் குடிவந்தாள். காலையில் மெட்ரோ, கிண்டியில் இறங்கினால் கம்பெனி பஸ். பாரிக்கு எதிர்த்திசை. எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறான்.

சில வருடங்கள் அவளுடைய குழு ஒரே காரோடு மல்லுக்கட்டியது. பார்க்கச் சின்னது, மிதித்தால் முரடு. அதற்காக லடாக்கின் பனியில் விடியலுக்கு முன் எழுந்து, உறைந்து கிடந்த என்ஜினை எழுப்பியிருக்கிறாள். ராஜஸ்தான் வெயிலில் நாள் முழுக்க ஓட்டி உதடு வெடித்துத் திரும்பியிருக்கிறாள். கார் விற்பனைக்கு வந்ததும் ஓடிப்போய் புக் பண்ணியவன் பாரி. டேஷ்போர்டில் ஒரு சின்னப் புத்தரை ஒட்டினான். கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் "எங்கக்கா எயுதுன என்ஜின்" என்று சொல்லிச் சொல்லி, துறைமுகத்தில் அவளை யாரோ கதாசிரியை என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கார் வந்த கொஞ்ச நாளில் எழில்மொழி வேறொரு வண்டியின் சோதனைக்காகப் புனே போய்விட்டாள். மாதங்கள் கழித்து அவள் திரும்பி வந்த சாயங்காலம், மெட்ரோ ஸ்டேஷன் வாசலுக்கே காரைக் கொண்டுவந்து பெட்டியை வாங்கி வைத்தான் பாரி. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வீட்டுக்குப் போகலாம் என்றான். கன்டெய்னர் ஏற்றிய ட்ரைலர் லாரிகளின் வரிசை விட்டுக்கொடுத்த ஒரு இடைவெளியில், இரண்டாம் கியரில், ஆசையோடு மிதித்தான். அக்காவின் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

"வண்டிய ஓரங்கட்டு."

"இன்னாக்கா?"

"ஓரங்கட்டுடா."

கடல் பக்கமாக, கருங்கல் கொட்டியிருந்த ஓரத்தில் நிறுத்தினான்.

"யாராண்ட குடுத்த?"

"எத்த?"

"டபாய்க்காத பாரி. ரெண்டாவது கியர்ல இந்த வண்டி இப்டி இயுக்காது. இயுக்கக் கூடாதுன்னு நாங்கதான் புடிச்சி வெச்சிருந்தோம். எவனோ அவுத்து உட்டுகீறான்."

மாட்டிக்கொண்ட பயத்தைவிடப் பாரியின் முகத்தில் பெருமைதான் முதலில் வந்தது. "ஒரே மிதில கண்டுபுட்ச்ச பாரு! மெர்சல்க்கா நீ."

"யாருன்னு கேட்டேன்."

"தண்டையார்பேட்டைல டில்லிபாபுன்னு ஒருத்தரு. ஷோக்கான ஆளு. லேப்டாப்ப சொருவி மேப்ப மாத்திக் குடுத்தாரு. இப்ப பாரு, எப்டி பறக்குது."

எழில்மொழிக்கு நெஞ்சு எரிந்தது. லடாக்கும் ராஜஸ்தானும் ஒரு கணம் கண்ணில் வந்து போயின. இணையத்தில் எவனோ விற்கும் ஃபைல் ஒன்றை இறக்கி, அத்தனையையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அழித்துவிட்டிருக்கிறான் ஒருவன்.

"வாரன்டி இன்னா ஆவும்னு தெரியுமா? என்ஜின்லயோ கியர்பாக்ஸ்லயோ ஒண்ணுன்னா கம்பெனி கைய விரிச்சிரும்."

"பயைய ஃபைல ஏத்திட்டு போனா யாருக்குத் தெரியும்?"

"எத்தினி தபா மாத்தி எழுதுனாங்கன்னு அந்தப் பெட்டி உள்ளயே கணக்கு வெச்சிகினு இருக்கும். அப்பால புகை? இந்த வண்டி இவ்ளோதான் புகை உடும்னு சொல்லி கவர்மென்டாண்ட சர்டிபிகேட் வாங்கிகீறோம். நீ மாத்துன அன்னிக்கே அது வேற வண்டி."

"புகை டெஸ்ட்டு எடுத்தேன்க்கா. பாஸு."

"அது சும்மா நின்னுகினு இருக்கசொல எடுக்குறது. ஓடசொல இன்னா உடுதுன்னு அந்த மெஷினுக்கு இன்னா தெரியும்?"

பாரி ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, மறைத்து வைத்தால் இன்னும் கெடுதல் என்று தோன்றியதோ என்னவோ, மிச்சத்தையும் சொன்னான். வருகிற ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபுவிடம் மறுபடி போவதாக இருக்கிறான். என்ஜினிலிருந்து வரும் பைப்பில் ஒரு டப்பா இருக்கிறதே, கேட்டலிஸ்ட், அதைக் கழற்றிவிட்டு நேர் பைப் போட்டால் இன்னும் சீறும் என்று யூடியூபில் பார்த்தானாம்.

அந்த டப்பாதான் விஷப்புகையைச் சாதுவாக்கி வெளியே அனுப்புவது. சூடேறினால்தான் வேலை செய்யும். காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் அதைச் சீக்கிரம் சூடாக்குவதற்கென்றே ஒரு தனி மேப் உண்டு. குழுவில் அந்தப் பக்கத்தை எழுதியவள் எழில்மொழிதான்.

"ஞாயித்துக்கிழமை என்னையும் இட்டுகினு போ" என்றாள் கடைசியில். "அக்கான்னு மட்டும் சொல்லு, எங்க வேல செய்றேன்னு அந்தாளாண்ட சொல்லாத. நானே பேசிக்கிறேன்."

*

தண்டையார்பேட்டையில் ஒரு மிளகாய்க் கிடங்குக்கும் லேத்துப் பட்டறைக்கும் நடுவில் இருந்தது டில்லிபாபுவின் கடை. தெருவெல்லாம் காரம் மூக்கில் ஏறியது. உள்ளே நுழைந்ததும் எழில்மொழி கொஞ்சம் தடுமாறித்தான் போனாள். சண்டை போட வந்தவளுக்கு எதிரியின் வீடு கலீஜாக இருந்தால் வசதி. இங்கே தரை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஸ்பேனர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கின. நடுவில் காரை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கிற உருளைகள். வெளிநாட்டுச் சரக்கு இல்லை. ஏதோ பழைய ஆலையில் ஓடிய உருளைகளை வாங்கி, பக்கத்து லேத்தில் கடைந்து, பேரிங் போட்டு அவரே செய்தது.

டில்லிபாபுவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. காசிமேட்டு விசைப்படகு என்ஜின்களில் தொழில் தொடங்கியவர். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். பேச்சில் தன் வேலையைப் பற்றிய கர்வம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. கேட்டலிஸ்ட் விஷயத்தைப் பாரி எடுத்ததுமே கையை ஆட்டினார்.

"அத்த மட்டும் கேக்காத நைனா. செய்ய மாட்டேன்."

"மத்த கடைல எல்லாம் செய்றாங்களேண்ணா."

"அப்ப மத்த கடைக்குப் போ. என் வூடு எர்ணாவூர்ல கீது. காத்து எந்தப் பக்கம் திரும்புனாலும் எதுனா ஒரு நாத்தம். பொண்டாட்டிக்கு வருசம் முச்சூடும் இருமல். அதுல என் பங்கு வேற சேரணுமா?"

எழில்மொழி எதிர்பார்த்த பேச்சு இதுவல்ல. ஆனாலும் கொண்டுவந்த கோபத்தை அவ்வளவு சுலபமாக இறக்கி வைக்க மனம் வரவில்லை.

"டப்பாவ உட்டுட்டு மேப்ப மட்டும் மாத்துனா அது சரியாண்ணா?"

டில்லிபாபு அவளைத் திரும்பிப் பார்த்தார். "சரின்னு நா எப்ப சொன்னேன் மேடம்? வரவங்களாண்ட மொதல்லயே சொல்டுவேன். வாரன்டி பூடும், ரூல்படியும் ராங்கு. அதுக்கு ஒத்துகினாதான் கேபிள சொருவுவேன். ஒந்தம்பியாண்டயும் சொன்னேன். சொன்னனா இல்லியாடா?"

பாரி கூரையைப் பார்த்தான்.

"இன்னா மாத்துனீங்கன்னு நா பாக்கலாமா?"

"பாத்தா புரியுமா?"

"கொஞ்சம் புரியும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். இடது பாதியில் கம்பெனி எழுதிய மேப். வலது பாதியில் அவர் மாற்றியது. மாற்றிய எண்களெல்லாம் சிவப்பில்.

இரண்டு பக்கம் தள்ளுவதற்குள்ளேயே எழில்மொழி குனிந்துவிட்டாள். அடுத்த பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இது இறக்கிய ஃபைல் இல்லை. மொத்தமாகப் பத்து சதவீதம் கூட்டு என்று முரட்டுத்தனமாகச் செய்த வேலை இல்லை. ஒவ்வொரு எண்ணையும் கையால் தொட்டு, ஓட்டிப் பார்த்து, பதிவெடுத்து, மறுபடி தொட்டிருக்கிறார். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு ஏறுவது சரிவுப் பாதை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எங்கேயும் திடீர்ப் படிக்கட்டு இல்லை. ஆயில் நன்றாகச் சூடான பிறகுதான் கூடுதல் சக்தி வரும்படி வைத்திருந்தார். புகைக்குழாயின் சூட்டுக்குக் கம்பெனி போட்ட எல்லையை அப்படியே விட்டிருந்தார். தீப்பொறியில் அவளே ஒரு இடத்தில் கொஞ்சம் துணிந்து போயிருந்தாள். அங்கே அவர் அவளைவிட ஜாக்கிரதையாக நின்றிருந்தார்.

"இது எதுக்கு?" என்று ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டினாள். ரேடியேட்டர் ஃபேன் சம்பந்தப்பட்ட பக்கம்.

"அதுவா? எல்லாரும் வேகத்துக்குத்தான் காசு குடுப்பாங்க. இத்த நா சும்மா செஞ்சேன்." டில்லிபாபு இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "மே மாச வெயில்ல எண்ணூர் ரோட்ல ட்ரைலர் லைன்ல மாட்டிகினு ஊர்ந்துகினே கீறம்னு வெச்சிக்க. என்ஜினுக்கு உள்ள போற காத்து கொதிச்சி பூடும். வண்டி பயந்துகினு சக்திய கொறைச்சிரும். அது நாயம்தான். ஆனா லைன் வுட்டு வெளிய வந்து நல்லா காத்து அடிச்சாலும் அதுக்குப் பயம் தெளியறதுல்ல. ட்ரைலர ஓவர்டேக் எடுக்கலாம்னு மிதிக்கிற, வண்டி வரமாட்டேங்குது. எதிர்ல இன்னொரு ட்ரைலரு. எவ்ளோ டேஞ்சர் பாரு. அதான் ஃபேன முன்னாடியே ஓடவுட்டு, பயம் ஜல்தியா தெளியற மாரி பண்ணேன்."

எழில்மொழிக்குச் சுருக்கென்றது. இந்தக் காரைப் பற்றிச் சில வாடிக்கையாளர்கள் 'சில நேரம் இழுக்கவில்லை' என்று எழுதியிருந்தது அவளுக்குத் தெரியும். குழுவில் எல்லோரும் தேடினார்கள். பாலைவனத்தில் தேடினார்கள், மலையேற்றத்தில் தேடினார்கள். கிடைக்கவில்லை என்று மூடி வைத்துவிட்டார்கள். தன் வீட்டு வாசலில் ஊரும் ட்ரைலர் வரிசையில் போய்த் தேட அவளுக்கே தோன்றவில்லை.

இன்னும் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு பக்கம் வந்தது. இடதும் வலதும் ஒரே மாதிரி. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"இங்க ஒண்ணும் பண்ணலியா?"

டில்லிபாபுவின் குரலே மாறியது. சத்தம் தணிந்து, ஒரு மாதிரிக் குழைந்து வந்தது.

"அது குளுருல கிளம்புற பக்கம். அத்த நா தொட மாட்டேன் மேடம். நா இன்னா, எவனும் தொடக் கூடாது. காலைல கிளப்புன ஒடனே தீப்பொறிய லேட்டா வெச்சி, சூட்ட நேரா கேட்டலிஸ்ட் பக்கம் தள்ளி உடணும். எல்லாக் கம்பெனியும் பண்றதுதான். ஆனா அப்டி பண்ணா என்ஜின் ஒதறும், கனைக்கும், சின்னப் புள்ளைக்கு ஜுரம் வந்த மாரி நடுங்கும். இந்த வண்டி நடுங்காது. எப்டின்னு எனுக்கே ரொம்ப நாளு புரியல. ஒவ்வொரு எண்ணா பாத்தேன். ஒரு சிலிண்டர் ஒதறப் போவசொல இன்னொண்ண வெச்சி அணைச்சி புடிச்சிகீறான். அவ்ளோ பொறுமை. அந்த டப்பாவும் நொடில சூடாவுது, உள்ள உக்காந்துகினு கீறவனுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. எவ்ளோ வண்டி பாத்துட்டேன். இந்த மாரி ஒரு பக்கத்த நா பாத்ததே இல்ல. எவன் எயுதுனானோ, அந்தாளு பெரிய ஆளு."

எழில்மொழியால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்துக்காக யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பத்திரிகைகள் வேகத்தைப் பற்றி எழுதின. ஆபீசில் 'தேர்ச்சி' என்று ஒரு சொல் போட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். நடுங்காமல் இருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? அது தெரியாமல் இருப்பதற்காகத்தானே அவ்வளவு பாடும்.

பாரியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"டில்லிண்ணா, அந்தாளு இதோ குந்திகினு கீது. எங்கக்காதாண்ணா அது!"

டில்லிபாபு அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஸ்டூலிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"நெசமாவா?"

எழில்மொழி தலையை மட்டும் ஆட்டினாள்.

"மலரு! ஏ மலரு! இங்க வா ஜல்தி!"

உள்ளறையில் கடைக்கணக்கு பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி பதறிக்கொண்டு வந்தாள். "இன்னாயா, எதுனா வெடிச்சிகிச்சா?"

"அந்தப் பக்கத்த எயுதுனவரு வந்துகீறாரு. இல்ல, வந்துகீறாங்க. இவங்கதான்."

மலர் எழில்மொழியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சோறு துன்னசொல கூட அந்தாளு அந்தாளுன்னு ஒன்னப் பத்திதாம்மா பேச்சு. நா எவனோ மீச வெச்ச வெள்ளக்காரன்னு நெனச்சிகினு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எழில்மொழியும் சிரித்தாள். கண்ணில் நீர் வந்ததற்குப் பக்கத்துக் கிடங்கின் மிளகாய் நெடியைச் சாக்காக வைத்துக்கொண்டாள்.

*

அதன் பிறகு டீ வந்தது. டில்லிபாபு பல நாளாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தார். 'மேடம்' போய் 'தங்கச்சி' வந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் எனுக்கு ஆவல தங்கச்சி. மொதல் ரெண்டு கியர்ல ஏன் சக்திய புடிச்சி வெச்சீங்க? கொஞ்ச நாள் கயிச்சி இத்தயே தொறந்து உட்டு, வெல கூடுதலா வேற மாடல்னு விக்கலாம்னுதான?"

"இல்லண்ணா. கிளட்ச்சுக்காக. சோதனைல அந்தப் பிடி இல்லாம ஓட்டுனப்ப கிளட்ச் சீக்கிரமே தேஞ்சிது. அதான் கீழ் கியர்ல மட்டும் கொஞ்சம் அணைச்சி வெச்சோம்."

டில்லிபாபுவின் முகம் சுருங்கியது. "இத்த எவனும் எங்கயும் எயுதி வெக்கலயே. கம்பெனிக்காரன் வஞ்சனைன்னு நெனச்சில்ல எல்லா வண்டிலயும் அவுத்து உட்டேன்." ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாரியைக் கூப்பிட்டார். "வண்டிய ஏத்துடா மேல."

காரை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்கச் சொன்னார். என்ஜின் வேகம் விறுவிறுவென்று ஏறியது. உருளையின் வேகம் அதோடு சேர்ந்து ஏறாமல் பின்தங்கியது. எரிந்த நாற்றம் ஒன்று மெல்ல வந்தது. பாரி காலை எடுத்துவிட்டான். யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கிளட்ச் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

இறங்கி வந்து பம்பரில் சாய்ந்து நின்றான். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"பயைய ஃபைல ஏத்தி, உள்ள கீற கணக்கையும் அயிச்சிட்டு ஷோரூம்ல உட்டா, வாரன்டில மாத்திக் குடுப்பாங்கல்ல?"

அந்தக் கணக்கை அழிக்கத் தெரிந்த இரண்டு பேர் அந்தக் கடையில் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குடுப்பாங்க" என்றாள் எழில்மொழி. "ஆனா அந்தத் தேஞ்ச கிளட்ச் எங்க போவும் தெரியுமா? எங்க ஆபீசுக்குத்தான் வரும். இவ்ளோ சீக்கிரம் ஏன் தேஞ்சிதுன்னு எனக்கு ரெண்டு டேபிள் தள்ளி ஒருத்தரு மண்டைய ஒடச்சிகினு தேடுவாரு. இல்லாத குத்தத்த வாரக்கணக்குல தேடுவாரு. நா பக்கத்துல பாத்துகினு உக்காந்திருக்கணும். என்னால ஆவாதுடா."

பாரி பம்பரிலிருந்து நிமிர்ந்தான்.

"சரிக்கா" என்றான் பாரி. "மிதிச்சது நானு. கிளட்ச்ச நானே வாங்கிக்கிறேன்."

"அவுத்து உட்டது நானு" என்றார் டில்லிபாபு. "எறக்கி ஏத்துற கூலி ஒரு பைசா வாங்க மாட்டேன். மேப்பு இன்னா பண்ணட்டும், அத்த நீயே சொல்டு. ரெண்டாவது கியர்ல புடிச்சி வெச்சிட்டு மிச்சத்த அப்டியே உடட்டா? இல்ல பூராத்தையும் பயசாக்கட்டா?"

பாரி அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே மிளகாய்க் கிடங்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி அவனுடையது. அந்த மேப்பைப் பற்றி அவளிடமே நேராகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே குழப்பம். அது சட்டத்துக்கு விரோதம், சந்தேகமில்லை. அது நேர்த்தியான வேலை, அதிலும் சந்தேகமில்லை.

"பயசே போடுண்ணா" என்றான் பாரி. "நா இந்த வண்டிய வாங்குனதே எங்கக்கா எயுதுனதுக்காகத்தான். இன்னாமோ ஊரு ஒலகம் பண்ணுதேன்னு ஆசப்பட்டுட்டேன். ஆனா அந்த ட்ரைலர் லைன் மேட்டரு மட்டும் இருக்கட்டுமே. அது நெசமாவே சூப்பருக்கா."

"அது நல்லா கீதுன்னுதான் நானும் சொல்றேன். ஆனா இப்பிடி வரக் கூடாது. கம்பெனில இருந்து வரணும்." அவள் டில்லிபாபுவிடம் திரும்பினாள். "கொண்டாறேன்ணா."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினார்.

*

திங்கட்கிழமை எழில்மொழி தன் மேலாளர் லட்சுமணனிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி மேப் மாற்றியது, தான் போனது, தெருக்கடையில் ஒருவர் இவர்களால் கண்டுபிடிக்க முடியாத குறையைக் கண்டுபிடித்தது எல்லாம். லட்சுமணன் அதிகம் பேசாதவர். எரிச்சல்படுவார் என்று நினைத்தாள். அவரோ மூடி வைத்த புகார்களை மறுபடி திறந்து, எழுதியவர்களின் ஊர்களை ஒருமுறை பார்த்தார். திருவொற்றியூர், மணலி, எண்ணூர். தூத்துக்குடியில் ஒருவர், காண்ட்லாவில் ஒருவர்.

"எல்லாம் துறைமுகம்" என்றார் மெதுவாக. "நமக்கு ஏம்மா இது தோணல?" பிறகு, "அவர் பதிவெடுத்தது விதியை மீறி மாத்தின வண்டியில, அதை நாம தொடக் கூடாது. நீயே போய் அளந்துட்டு வா" என்றார்.

அந்த மே மாதம் எழில்மொழி மெட்ரோவில் ஏறவில்லை. வால் பக்கம் புகையை அளக்கும் பெட்டியும் குழாய்களும் மாட்டிய சோதனைக் காரோடு எண்ணூர் சாலையில் ட்ரைலர்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தாள். ட்ரைலர் டிரைவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, வண்டிக்கு ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார்கள். தூசியும் டீசலும் கண்ணாடியை மூடின. லடாக்கைவிட இது கஷ்டமாக இருந்தது. ஆனால் டில்லிபாபு சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. வெயில், ஏசி, வரிசை மூன்றும் சேர்ந்தால் வண்டி மிரண்டது. வரிசையை விட்டு வெளியே வந்தும் மிரட்சி தெளியவில்லை.

குறை தெரிந்துவிட்டால் தீர்வு சுலபம் என்று வெளியே நினைப்பார்கள். புகை கூடக் கூடாது, ஃபேன் மோட்டார் சீக்கிரம் சாகக் கூடாது, பேட்டரி தாங்க வேண்டும், பனிமலையில் அதே எண்கள் வேறு தொல்லை கொடுக்கக் கூடாது. ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தி, அரசின் சோதனைக்கூடத்தில் தேறி, ஷோரூம்களுக்குப் போய்ச் சேரும்போது அடுத்த கோடை வந்துவிட்டது. சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் இலவசமாகப் புது மேப் ஏற்றிக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனி சுற்றறிக்கை விட்டது.

இந்த இடைவெளியில் டில்லிபாபுவும் சும்மா இருக்கவில்லை. அந்த மாடல் காரில் தான் அவிழ்த்துவிட்ட எல்லோருக்கும் போன் போட்டு, வரவழைத்து, கீழ் கியர்களின் பிடியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். சிலர் சண்டை போட்டார்கள். சிலர் வரவே இல்லை. ரோட்டு வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் திடலில் மட்டுமே ஓடும் கார்களை எடுத்துச் செய்ய ஆரம்பித்திருந்தார். அங்கே யாருக்கும் வாரன்டியும் கிடையாது, அவர் கையைக் கட்டிப்போட விதியும் கிடையாது. அவர் தொட்ட கார்கள் பந்தயங்களில் பரிசு வாங்கத் தொடங்கியிருந்தன.

பாரி தன் காருக்குப் புது மேப் ஏற்றிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு நேராகத் தண்டையார்பேட்டைக்குத்தான் வந்தான்.

"படிக்க மட்டும்தாண்ணா" என்று எழில்மொழி எச்சரித்தாள்.

"தெரியும் தங்கச்சி. எயுத மாட்டேன்." டில்லிபாபு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கேபிளைச் சொருகினார். மேப் திரையில் இறங்கியதும் அவர் உதடு மட்டும் அசைந்தது. பாரி ஏதோ சொல்ல வந்தபோது கையை நீட்டித் தடுத்தார். மேலும் கீழும் தள்ளினார். ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்பிப் போய், மறுபடி வந்தார்.

"ஃபேன நா முன்னாடியே ஓட உட்டு, அப்டியே நிறுத்தாம வெச்சிருந்தேன். நீ ஊந்துகினு போவசொல மட்டும் ஓட உடற. காத்து வந்த ஒடனே நிறுத்திடற. அதனால மோட்டாருக்கும் நோவு இல்ல..." அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது. "அடேங்கப்பா. இத்த நா யோசிக்கலியே. ஷோக்கா கீது தங்கச்சி. ரொம்ப ஷோக்கா கீது."

அரசு சோதனைக்கூடம் கொடுத்த தேர்ச்சி எழில்மொழிக்கு இந்த அளவு இனித்திருக்கவில்லை.

டில்லிபாபு இன்னும் இரண்டு பக்கம் தள்ளினார். சட்டென்று புருவத்தைச் சுருக்கினார். திரையில் ஒரு எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா? இங்க ஏன் இவ்ளோ பயந்துகினு போய்கீற? இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே."

"ஏத்தக் கூடாதுண்ணா. ஏத்துனா மலைல புகை கூடும்."

"கூடாது."

"கூடும். நா அளந்தேன்."

"எந்த மலைல? எவ்ளோ லோடு வெச்சி? அந்தப் பதிவ காட்டு மொதல்ல."

அவள் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தாள், பிறகு கம்பெனி ரகசியம் என்பது ஞாபகம் வந்து மூடினாள். வாயாலேயே எண்களைச் சொல்ல ஆரம்பித்து, அதுவும் கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதெல்லாம் காட்ட முடியாதுண்ணா. என்ன நம்புங்க."

"நம்புறேன். ஆனா நீ சொல்றது ராங்கு."

பாரி இரண்டு ஸ்டூல்களை எடுத்துவந்து எதிரெதிரே போட்டான். மலர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, மீன் குழம்பு வைத்திருப்பதாகவும், சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது என்றும் சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. டில்லிபாபு ஒரு அட்டையைக் கிழித்து, அதன் முதுகில் கோடு போட்டுக் காட்டத் தொடங்கியிருந்தார். எழில்மொழி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்தக் கோட்டை அடித்தாள்.